வேதியியலுக்கும் வரலாற்றுக்கும் ஒரே கட்டுரை வடிவமா?

பொது ஆங்கிலம்: கல்லூரியில் என் பொது ஆங்கில வகுப்பில் வேதியியல், வரலாறு, வணிகவியல் பிள்ளைகள் எல்லாரும் கலந்துதான் இருக்கிறார்கள். முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று சொல்லிக்கொடுத்தால் அதையே எல்லாப் பாடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். என்ன செய்யலாம்?

லேப் வாத்தியார்: ரெக்கார்டு நோட்டை விடுங்கள், அது சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவது. டைட்ரேஷன் (கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை) ரீடிங் 10.2, 10.2, 10.9 என்று கொடுத்து, மூன்றாவது ஏன் விலகுகிறது என்று ஒரு பத்தி கேளுங்கள். பாதிப் பேர் செய்முறையையே திரும்ப எழுதுவார்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

பழைய ஏடு: வரலாற்றில் எங்களுக்கு வேறு தலைவலி. ஆங்கிலேயருக்கு எதிரான மருது சகோதரர்களின் 1801 திருச்சி அறிக்கையைக் கொடுத்தால் கட்டபொம்மனில் தொடங்கிக் கதை சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது யாரைப் பார்த்துப் பேசுகிறது, எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் அமைதி.

கடைசி பெஞ்ச்: அந்தந்தத் துறை ஆசிரியரே எழுதவும் கற்றுத்தரட்டும் என்று அமெரிக்கக் கல்லூரிகளில் 1970-களிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, நோட்டை யார் திருத்துவது?

பொது ஆங்கிலம்: சரி, ஒரு பத்தி என்றால் நானே திருத்திவிடுவேன். வணிகவியலுக்கு என்ன கொடுக்கலாம், யாராவது சொல்லுங்கள்.