இரண்டு ஆப்பிள் மரங்களும் நன்றாகப் பூக்கின்றன, காய் நிற்பதில்லை: எந்தத் துணை மரத்தை நடுவது?

இளந்தோட்டம்:
வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு ஆப்பிள் மரங்கள் உள்ளன. இரண்டும் ஒரே சமயத்தில் கிளை தெரியாத அளவுக்குப் பூக்கின்றன. ஆனால் பூ உதிர்ந்த பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காய் நிற்கிறது. மகரந்தத்திற்காக மூன்றாவதாக ஒரு மரம் நட விரும்புகிறேன். நடும் பருவம் முடியப்போவதால், எந்த ரகம் வாங்கலாம் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

ஒட்டுக்கத்தி:
இருக்கும் இரண்டும் எந்த ரகங்கள்? ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் நிற்கின்றன? பூக்கும் காலத்தில் உறைபனி விழுந்ததா? பூவின் நடுப்பகுதி கறுத்திருந்ததா? இவை தெரியாமல் துணை சொல்ல இயலாது.

தேன்கூடு:
முதலில் தேனீக்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வெப்பநிலை 12 அல்லது 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் தேனீக்கள் கூட்டை விட்டு அதிகம் வெளியேறுவதில்லை. அத்தகைய குளிரிலும் உழைப்பவை உடலெங்கும் ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீக்கள்தாம். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்திருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

உரக்குழி:
தழைச்சத்து மிகுந்தாலும் மரம் இலையும் கிளையுமாக வளர்ந்து காயைத் தாங்காமல் விட்டுவிடும். என்ன உரம் இடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே?

இளந்தோட்டம்:
ஒன்று ஜோனகோல்ட், மற்றொன்று முட்சு. இடைவெளி ஐந்து மீட்டர். உறைபனி இல்லை, மருந்தும் அடிக்கவில்லை. தேனீக்கள் நிறைய வருகின்றன. இரண்டும் வெவ்வேறு ரகங்கள் என்பதால் பெயர் தேவைப்படாது என்று நினைத்தேன்.

நெடுங்கிளை:
பெயரை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் உரத்தைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் இவ்வளவு பேர் எழுத நேர்ந்திருக்காது. மரம் வாங்கும் முன் படிக்க வேண்டிய அடிப்படைப் பாடம் இது. பலமுறை விளக்கியிருக்கிறேன், புதியவர்கள் தேடிப் படிப்பதில்லை. சாதாரண ஆப்பிளின் உயிரணுவில் 34 குரோமோசோம்கள் இருக்கும். அவை இரண்டு தொகுதிகளாக அமைந்தவை. ஜோனகோல்ட், முட்சு இரண்டும் மூன்று தொகுதிகளாக 51 குரோமோசோம்கள் கொண்ட மும்மடிய ரகங்கள். மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய முடியாததால் அவற்றின் மகரந்தத்தில் பெரும்பகுதி வீரியமற்றது. ஆகவே உங்கள் மரங்களில் ஒன்றுகூட மற்றொன்றுக்கு உதவாது. பிராம்லி, கிராவன்ஸ்டைன், பிளென்ஹைம் ஆரஞ்சு ஆகியவையும் இதே வகைதான்; அவற்றை வாங்கிவிடாதீர்கள்.

மொட்டு:
அப்படியானால் கோல்டன் டெலிசியஸ் வாங்குங்கள். நீண்ட நாள் பூக்கும், மகரந்தமும் மிகுதி. எல்லா ஆப்பிளுக்கும் பொருந்தும்.

ஒட்டுக்கத்தி:
எல்லா ஆப்பிளுக்கும் பொருந்தாது. குறிப்பாக இந்த இரண்டுக்கும் பொருந்தாது. ஜோனகோல்ட், ஜோனதனுக்கும் கோல்டன் டெலிசியஸுக்கும் பிறந்தது. முட்சு, கோல்டன் டெலிசியஸுக்கும் இண்டோவுக்கும் பிறந்தது. ஆப்பிளில் தன் மகரந்தத்தைத் தானே மறுக்கச் செய்யும் எஸ் மரபணுக்கள் உள்ளன: மகரந்தம் ஏந்திவரும் எஸ் வகை, பூவின் பெண் பகுதியான சூல்தண்டிலும் இருந்தால், அந்த மகரந்தக்குழாய் பாதி வழியிலேயே நின்றுவிடும். கோல்டன் டெலிசியஸின் எஸ்2, எஸ்3 இரண்டையும் ஜோனகோல்டும் முட்சுவும் அப்படியே பெற்றிருப்பதால், தேனீ எத்தனை முறை கொண்டுவந்து வைத்தாலும் அந்த மகரந்தம் சூலை எட்டாது. பூக்கும் காலம் ஒத்துப்போவதை மட்டும் பார்த்துத் துணை தேர்ந்தெடுப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

காலா (எஸ்2, எஸ்5), ஃபியூஜி (எஸ்1, எஸ்9) இரண்டையும் நடுவதே என் பரிந்துரை. காலாவின் மகரந்தத்தில் எஸ்5 தாங்கிய பாதி உங்கள் இரு மரங்களிலும் செல்லும். ஃபியூஜியின் மகரந்தம் முட்சுவுக்கு முழுவதும், எஸ்9 உள்ள ஜோனகோல்டுக்குப் பாதியும் பயன்படும். காலாவும் ஃபியூஜியும் ஒன்றையொன்று முழுமையாக ஏற்கும். ஒன்றை மட்டும் நட்டால் பழைய மரங்கள் காய்க்கும், ஆனால் புதிய மரத்துக்கு மகரந்தம் தர எதுவும் இருக்காது. ராயல் காலா என்பது காலாவின் மொட்டு மாற்றமே (காலா மரத்தின் ஒரு கிளையில் தானாகத் தோன்றிய மாறுபாடு, எஸ் வகை அதேதான்) என்பதால், அதைக் காலாவுக்குத் துணை என்று எண்ணி வாங்க வேண்டாம்.

தேன்கூடு:
இரண்டு மரங்களுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்காமலே சொல்கிறீர்கள். வெள்ளைப் பூப் பூக்கும் கிராப் ஆப்பிள் (சின்னஞ்சிறு புளிப்புப் பழம் தரும் ஆப்பிள் வகை) ஒன்றே போதும். அது காய்த்தால் என்ன, காய்க்காவிட்டால் என்ன? நீண்ட நாள் பூத்து மகரந்தம் கொடுத்தால் சரி.

மொட்டு:
கிராப் ஆப்பிளின் மகரந்தம் சேர்ந்தால் பழம் சிறுத்துப் புளித்துப்போகும். நல்ல முட்சுவை ஏன் கெடுக்க வேண்டும்?

நெடுங்கிளை:
இதுவும் அடிப்படையே. நாம் உண்ணும் சதை தாய் மரத்தின் திசு. பூவின் அடிப்பகுதியும் சூலகமும் பருத்து உருவாவது. தந்தையின் பங்கு விதைக்குள் மட்டுமே இருக்கிறது. முட்சுவின் கிளையில் விளைவது முட்சுதான்.

மொட்டு:
மகரந்தம் மாறினால் பழத்தின் உருவம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒட்டுக்கத்தி:
உருவம் மாறுவதற்குக் காரணம் விதையின் எண்ணிக்கை. ஆப்பிளில் ஐந்து அறைகள், அறைக்கு வழக்கமாக இரண்டு சூல்கள். ஒரு பக்கத்து அறைகளில் மட்டும் விதை பிடித்தால் அந்தப் பக்கம் மட்டும் பருத்துப் பழம் கோணலாகும். மும்மடிய ரகங்களில் நல்ல மகரந்தம் கிடைத்தாலும் விதை குறைவாகத்தான் இருக்கும்.

தேன்கூடு சொன்ன கிராப் ஆப்பிள், இடம் குறைவாக இருந்தால், என் பரிந்துரையை விடவும் ஏற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறு எஸ் வகை கொண்டதாகவும், உங்கள் மரங்களோடு சேர்ந்து பூப்பதாகவும் இருக்க வேண்டும். 15 மீட்டருக்குள் இருப்பது நல்லது. எந்த மரம் நட்டாலும் அது பூக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை வேறு தோட்டத்தில் உள்ள பொருத்தமான ரகத்தின் பூத்த கிளைகளை வெட்டி வந்து, நீர் நிறைந்த வாளியில் வைத்து உங்கள் மரத்தடியில் வையுங்கள். கருகல் நோய் கண்ட தோட்டத்திலிருந்து மட்டும் கிளை எடுக்காதீர்கள். அது பூ வழியாகவும் பரவும்.

உரக்குழி:
உரத்தைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இளந்தோட்டம்:
இடம் ஒரு மரத்துக்குத்தான் இருக்கிறது. கிராப் ஆப்பிள் நட்டுவிட்டேன். வேறிடத்திலிருந்து கொண்டுவந்த பூத்த கிராப் கிளைகளை ஜோனகோல்டின் கீழே வாளியில் வைத்ததில், அந்தப் பக்கத்துக் கிளைகளில் கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நிற்கிறது. முட்சுவில் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். உரம் எதுவும் இடவில்லை. நன்றி.