இடக்கைக்காரருக்கு ஒரு கொடுவாள்: அடித்துத் தரும் பட்டறை வேண்டும்

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் தோப்பு வைத்திருக்கிறோம். அப்பா இடக்கைக்காரர், இளநீர் சீவுவதற்கென்றே தை மாதம் ஒரு பட்டறையில் அளவு சொல்லி 2,200 ரூபாய்க்குக் கொடுவாள் செய்தோம். வந்தது அங்கே சுவரில் தொங்கிய அதே ரெடிமேடு அலகு, பிடியை மட்டும் மாற்றி அப்பா பெயரைப் பொறித்திருக்கிறார்கள். பெயர் வெட்டினால் அது அவருக்காகச் செய்ததாகிவிடுமா?

சாணைச் சரிவு, அதாவது வாயைக் கூராக்கத் தேய்த்த சாய்வு, வலது பக்கம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் இடது கையில் வெட்டும்போது நினைத்த இடத்தில் இறங்காமல் சாய்ந்து போகிறது. இருபது காய்க்குள் வாய் மடங்கிவிடுகிறது, உடைவதில்லை. அரத்தை வைத்து இழுத்தால் சுலபமாகக் கடிக்கிறது, அப்படியென்றால் பதமே, அதாவது இரும்புக்கு ஏற்றும் கடினமே, ஏறவில்லை.

இரண்டு முறை சாணை பிடித்தாயிற்று. சரிவை இடப்பக்கம் மாற்றலாமென்று நானே கிரைண்டரில் கொடுத்தேன், ஓரம் சூடேறி நீலம் பாய்ந்து இன்னும் மோசமாகிவிட்டது. அப்புறம் தாராபுரம் பக்கம் இரண்டு பட்டறைகளில் கேட்டேன், பிடி வேண்டுமானால் போட்டுத் தருகிறோம் என்றார்கள்.

லாரிப் பட்டை (லாரியின் ஸ்பிரிங் தகடு) ஒரு துண்டு என்னிடமே இருக்கிறது. அலகு 12 அங்குலம், பிடி 5 அங்குலம், எடை 900 கிராமுக்குள், சரிவு இடப்பக்கம். அப்பாவை நேரில் கூட்டி வருகிறேன், கையைப் பார்த்துப் பிடி செதுக்கட்டும்.

ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில், பட்டையை உலையில் வைத்து அடித்து, எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றி, பிறகு இளஞ்சூட்டில் தணித்து எல்லாவற்றையும் தானே செய்கிற கொல்லர் யாராவது இருக்கிறாரா?