புதுப்பிப்பு: படகு டிரெய்லர் ஆட்டம் நின்றது

காரைக்குடியிலிருந்து தொண்டிக்கு ஃபைபர் படகை இழுத்துப் போகையில், வேகம் 50 தாண்டினால் டிரெய்லர் வாலாட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

டயர் மாற்றத் தேவைப்படவில்லை. "கொக்கியில எவ்வளவு எடை விழுதுன்னு பாருங்கண்ணே" என்ற தம்பி சொன்னதுதான் சரி. டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, இழுக்கும் வண்டியில் மாட்டும் கொக்கி முனையைக் கட்டை வைத்து, ஆள் எடை பார்க்கும் மெஷினில் இறக்கினேன். படகோடு மொத்தம் 600 கிலோ. முனையில் வெறும் 18. மொத்தத்தில் 7 முதல் 10 சதவீதமாவது அங்கே விழ வேண்டும்; குறைந்தால் வால் ஆடும். அவுட்போர்டு இன்ஜின் முழுக்கப் பின்னால் தொங்கினால் வேறென்ன ஆகும்!

தேவகோட்டை ரஸ்தா பட்டறையில் படகின் மூக்கை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை நகர்த்தி, படகை ஒரு சாண் முன்னிழுத்தோம். முனையில் 50 கிலோ வந்தது. இப்போது 60-லும் ஆட்டமில்லை.

எதிர்பாராதது: படகு முன்னே வந்ததும் இன்ஜின் விசிறி (புரொப்பல்லர்) டிரெய்லரின் பின்விளக்குப் பலகையில் உரசியது. பலகையைப் பின்தள்ளி மாட்ட வேண்டியதாயிற்று.