சிந்தசைசருக்கு ஒரு கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

கோவையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். இசைப் பட்டய வகுப்புக்காக இசைக்கருவிகள் பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி வரை சிக்கல் இல்லை. மின்னணுக் கருவிகளில் வந்து நின்றுவிட்டேன். கீபோர்டுக்கு ‘மின்னணு இசைப்பலகை’ என்று வைத்திருக்கிறேன். ஒலியையே மின்சுற்றால் உருவாக்கும் சிந்தசைசருக்கும் அதையே போட்டால் இரண்டும் ஒன்று என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். 1964இல் ராபர்ட் மூக் உருவாக்கிய கருவியின் உயிர் கட்டைகளில் இல்லை. மின்னலையை உண்டாக்கும் அலையியற்றி, அதில் வேண்டாததை நீக்கும் வடிப்பான், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி மூன்றையும் மின்னழுத்தத்தால் ஆட்டிவைத்ததில்தான் இருக்கிறது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா செய்த கருவியில் பியானோக் கட்டைகளே கிடையாது, தொடுதகடுகள்தான். ‘இசைத்தொகுப்பி’ பொருந்துமா?

மதுரையிலிருந்து:

தொகுப்பி வேண்டாம் ஐயா. அதைக் கணினிக்காரர்கள் கம்பைலருக்கு எடுத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய காரணம், மூக் கருவி தொகுப்பதில்லை, கழிக்கிறது. ரம்பப்பல் வடிவ அலையில் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள், எல்லாம் முதலிலேயே நிறைந்திருக்கும். வடிப்பான் வேண்டாதவற்றை நீக்கும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 போன வழியே வேறு. அதில் ஒரு சைன் அலை இன்னொன்றை வேகமாக அசைக்க, அந்த அசைவில் புது மேற்சுரங்கள் பிறக்கும். இரண்டுக்கும் பொதுவானது, ஒலியை மின்சுற்றுக்குள்ளேயே உண்டாக்குவது. ஆகவே ‘ஒலியியற்றி’. மின்னியற்றி, அலையியற்றி இரண்டும் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளன.

தஞ்சாவூரிலிருந்து:

பழையதை ஏன் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை? சிலம்பின் கானல்வரியில் மாதவி யாழை எடுத்ததும் செய்யும் எட்டுத் தொழில்களில் முதலாவது ‘பண்ணல்’. நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பதற்கு அந்தப் பெயர். பண்ணு என்ற வினையும் பண் என்ற பெயரும் ஒரே வேர் என்பது என் உறுதியான எண்ணம். செய்தலும் இசையும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ‘பண்ணுகருவி’ என்று வையுங்கள். பண்ணுதல் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் யாழாசிரியர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து:

அம்மா, வேர் ஆராய்ச்சி அருமை. ஆனால் பண் என்பது ராகம். சிந்தசைசர் ராகத்தை அமைப்பதில்லை, ஒலியின் நிறத்தைத்தான் அமைக்கிறது. நான் மெல்லிசை மேடையில் வாசிக்கிறவன். எங்களுக்குள் ‘சிந்த்’ என்போம், அப்புறம் ‘பேட்’ (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி), ‘லீட்’ (முன்னணி மெட்டுக்கான ஒலி), ‘பிட்ச் வீல்’ (சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரம்). வயலினையும் கிளாரினெட்டையும் பெயரோடு ஏற்றுக்கொண்ட நாம் இதை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

இதையும் சொல்ல வேண்டும். ஆர்மோனியத்தில் கமகம் (சுரத்தை அசைத்தும் வளைத்தும் இசைப்பது) வராது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. தடை முப்பது ஆண்டுக்காலம் நீடித்தது. அதே கறுப்பு வெள்ளைக் கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம் வந்ததும் கமகம் வந்துவிட்டது. வலக்கை கட்டையில், இடக்கை சக்கரத்தில். தோடியின் காந்தாரத்தை அப்படித்தான் அசைக்கிறோம். பாடத்தில் பெயரைவிட இதற்கு ஒரு பத்தி கொடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஒலியியற்றியை வகுப்பில் உரக்கச் சொல்லிப் பாருங்கள், ‘லியிய’வில் நாக்கு தடுக்கும். பொருளும் போதாது. வீணையும்தான் ஒலியை இயற்றுகிறது. எங்கும் கேட்டிராத ஒலியையும் வடிவமைத்துத் தருவது இந்தக் கருவியின் தனித்தன்மை. அதற்குப் ‘புனை’ என்ற வினை இருக்கிறது. ‘ஒலிபுனைவி’ என்பது என் முன்மொழிவு. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி வரிசையில் இயல்பாக உட்காரும்.

மதுரையிலிருந்து:

புனைவி என்றால் கதை எழுதுகிறவர் நினைவுக்கு வருவார். ஒலிப்புனைவி என்று ஒற்று மிக வேண்டாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

வேண்டாம். ஒலியைப் புனைவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஒலிபெருக்கியில் ஒற்று மிகவில்லையே.

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். வேறு பலரும் தனிமடலில் ஒலியியற்றி போதும் என்கிறார்கள், பாடநூல் சொற்களோடு ஒட்டுவதால். தலைப்பில் ஒலியியற்றி, முதல் வரியில் ‘சிந்தசைசர் எனப்படும்’ என்ற விளக்கம், இரண்டும் இருக்கும். சக்கரமும் கமகமும் தனிப் பத்தியாகச் சேர்ந்துவிட்டன.

தஞ்சாவூரிலிருந்து:

பண்ணலை ஓர் அடிக்குறிப்பிலாவது சேர்த்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அச்சுக்குப் போகிறதென்றால் சரி. ஆனால் ஒன்று. உங்கள் பாடத்தில் அலையியற்றி ஓர் உறுப்பு, ஒலியியற்றி முழுக் கருவி. தேர்வில் பிள்ளைகள் இரண்டையும் மாற்றித்தான் எழுதுவார்கள். அடுத்த பதிப்பு வரும்போது ஒலிபுனைவியோடு திரும்பவும் வருவேன்.