எல்டிஏ (லித்தியம் டைஐசோபுரொப்பைலமைடு என்ற வலுவான காரம்) போட்டும் மெத்தில் சிங்லெட் வருகிறது, எங்கே தவறு?

2-மெத்தில்சைக்ளோஹெக்சனோன் 1.12 கிராம் (10 மில்லிமோல்). நெரிசல் குறைந்த 6-ஆம் கார்பனில் பென்சைல் ஏற்ற வேண்டும். டைஐசோபுரொப்பைலமீன் 1.54 மி.லி., உலர்ந்த டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான், கரைப்பான்) 20 மி.லி., 1.6 மோலார் பியூட்டைல் லித்தியம் 6.6 மி.லி.; எல்டிஏ உருவாக 0 டிகிரியில் 20 நிமிடம். பிறகு −78-க்கு இறக்கி, கீட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு மணி நேரம் கழித்து பென்சைல் புரோமைடு 1.43 மி.லி.

−78-இல் வினை நகரவே இல்லை. 0 டிகிரிக்கு ஏற்றி இரவு முழுக்க விட்டதும், என்எம்ஆர் நிறமாலையில் மெத்தில் டப்லெட்டுக்கு (இரட்டைக் கோடு) பக்கத்திலேயே ஒரு சிங்லெட் (ஒற்றைக் கோடு). மெத்தில் இருக்கும் 2-ஆம் கார்பனிலேயே பென்சைல் ஏறிய 2,2-விளைபொருள், கிட்டத்தட்ட கால்வாசி! இரண்டு பென்சைல் ஏறியதும் கொஞ்சம் இருக்கிறது.

பியூட்டைல் லித்தியம் பழைய பாட்டில், செறிவை டைட்ரேட் செய்து பார்க்காதது. சந்தேகம் அங்கேதான்: எல்டிஏ குறைந்தால், மிஞ்சிய கீட்டோன் புரோட்டானைக் கைமாற்றி ஈனோலேட்டை (புரோட்டான் இழந்த கீட்டோன் எதிரயனி) சமநிலைக்குத் தள்ளிவிடும். டைஃபினைல் அசிட்டிக் அமிலத்தில் மஞ்சள் நிற்கும்வரை டைட்ரேட் செய்தால் மட்டும் போதுமா, இல்லை வெப்பத்தை ஏற்றியதும் குற்றமா? வினையை வேகப்படுத்தும் துணைக்கரைப்பான்களில் எச்எம்பிஏ புற்றுநோய் அபாயம், வேண்டாம். அதற்கு மாற்றான டிஎம்பியூ எத்தனை சமானம் விட்டால் −30-இலேயே முடியும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.