கடற்கன்னித் தொடர் பாப்பாவுக்கு ஆகுமா? (குடும்பக் குழுவில் ஓர் இரவு)

சித்தி: ஒரு சந்தேகம். ‘சைரன்’ என்று ஒரு அமெரிக்கத் தொடர், படத்தில் கடற்கன்னி. பாப்பா போடச் சொல்லி நச்சரிக்கிறாள். போட்டுவிடலாமா?

அக்கா: ஐயோ சித்தி, வேண்டவே வேண்டாம்!!

அக்கா: இது மீன்களோடு பாட்டுப் பாடி ஆடுகிற கடற்கன்னி இல்லை. கடித்துக் குதறுகிற கடற்கன்னி.

அத்தை: கடிக்குமா?

அக்கா: பல், நகம் எல்லாம் உண்டு அத்தை. கரைக்கு வந்தவளை ஒருவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு தப்பாக நடக்கப் பார்க்கிறான். ஆள் காலி.

அத்தை: நன்றாக வேண்டும் அவனுக்கு.

சித்தி: அண்ணி 😂 அப்படியானால் பாப்பாவுக்கு இல்லை. எனக்கு? கதை என்ன?

அக்கா: வாஷிங்டன் மாநிலக் கரையில் பிரிஸ்டல் கோவ் என்று ஒரு ஊர், கற்பனைதான். படம் பிடித்தது கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில். ஒரு காலத்தில் இங்கே கடற்கன்னிகள் இருந்தார்கள் என்று கதை சொல்லியே அந்த ஊர் பிழைக்கிறது. திருவிழா, பொம்மை, ஊர்வலம் எல்லாம் உண்டு. ஒருநாள் மீன்பிடிக் கப்பலின் வலையில் நிஜமாகவே ஒன்று சிக்குகிறது. ராணுவம் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அவளைத் தேடி இன்னொருத்தி கரையேறுகிறாள். அவள்தான் ரின்.

மாமா: சைரன் என்றால் கிரேக்கக் கவி ஹோமர் நினைவு வருகிறது. அவர் காவியத்தில் சைரன்களின் பாட்டில் மயங்கிப் போய்விடக் கூடாது என்று, ஒடிசியஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, கப்பல் ஆட்களின் காதில் மெழுகை அடைத்தானே. ஆனால் பழைய கிரேக்கச் சாடிகளில் வரைந்திருக்கிற சைரனுக்குப் பெண் தலை, பறவை உடம்பு. மீன் வால் எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

நான்: மாமா ஆரம்பித்துவிட்டார்.

அக்கா: இல்லை, மாமா சொல்வது இதில் அப்படியே வருகிறது. பென் என்று ஒரு கடல் உயிரியல் ஆய்வாளன். ரின் பாடுவதைக் கேட்டதிலிருந்து அவன் நிலையே சரியில்லை. காதல் என்று நினைத்தால் போதை மாதிரி இருக்கிறது. தூக்கம் இல்லை, திரும்பத் திரும்ப அந்தப் பாட்டு கேட்கிறது. அவனுடைய காதலி மேடி பக்கத்திலேயே இருந்து இதையெல்லாம் பார்க்கிறாள். இந்த மூன்று பேர் விஷயத்தைப் பாப்பாவுக்கு நீங்கள் விளக்க முடியாது சித்தி.

சித்தி: புரிந்தது 🙈

அக்கா: எனக்குப் பிடித்தது ரின்னாக நடிக்கிற ஈலின் பவல். பெல்ஜியத்துக்காரர். கரைக்கு வந்த பிறகும் ஒரு வேட்டை விலங்காகவே இருக்கிறார். கண் இமைக்காமல் பார்ப்பது, தலையை லேசாகச் சாய்த்து ஒலி எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பது, கேட்கிற சொற்களைத் திருப்பிச் சொல்லியே பேச்சைப் பிடித்துக்கொள்வது... பயமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. வால் காலாக மாறுகிற காட்சியில் எலும்பு முறிகிற வலி தெரியும். மினுமினுப்பு கிடையாது.

மாமா: 1837இல் வந்த ஆண்டர்சனின் ‘குட்டிக் கடற்கன்னி’ கதையிலும் அப்படித்தான். நாக்கை அறுத்துக் கொடுத்துத்தான் கால் வாங்குகிறாள், ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பது போல. இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். 1989இல் வந்த டிஸ்னி கார்ட்டூன் படம்தான் அதை இனிப்பாக்கியது.

அத்தை: இந்தக் கதையையா பாப்பாவுக்குப் படித்துக் காட்டினீர்கள்?

மாமா: சுருக்கித்தான் சொன்னேன்.

தாத்தா: தொடரில் அந்தக் கடற்கன்னியை எந்தக் கடலில் பிடிக்கிறார்கள்?

அக்கா: பெரிங் கடல் தாத்தா, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில்.

தாத்தா: அங்கே நிஜமாகவே ஒன்று இருந்தது. ஸ்டெல்லர் கடற்பசு. 1741இல் கடலோடி பெரிங்கின் கப்பலில் போன இயற்கை ஆய்வாளர் ஸ்டெல்லர் பார்த்து எழுதினார். கடற்பாசி தின்கிற சாது. தோல் வேட்டைக்குப் போனவர்கள் கறிக்காக அடித்து அடித்து, 1768க்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. கடற்பசு இனத்துக்கு விலங்கியலில் சைரீனியா என்றுதான் பெயர். 1493இல் கொலம்பஸ் கடற்கன்னி என்று குறித்து வைத்ததும் இந்த இனத்தைத்தான் என்பார்கள். நினைத்த அளவு அழகில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

நான்: 😂😂

அக்கா: தாத்தா, தொடரிலும் இதுதான் அடிப்படை! பென்னின் முன்னோர் காலத்தில் கடற்கன்னிகளைக் கொன்று குவித்திருக்கிறார்கள். ஊர் அதைக் காதல் கதையாக மாற்றித் திருவிழா கொண்டாடுகிறது. உண்மை தெரிந்தவள் ஹெலன் என்கிற கடைக்காரி மட்டும். ஊரே அவளைக் கிறுக்கு என்கிறது.

தாத்தா: வேட்டைக்காரன் வீட்டில் எழுதிய சரித்திரம் வேறு எப்படி இருக்கும்.

நான்: இரண்டாவது சீசன்வரை சரி. எண்ணெய்க் கம்பெனி கடலுக்குள் ஒலி எழுப்ப, தாங்க முடியாமல் கூட்டமே கரையேறுகிறது, அது நன்றாக இருந்தது. மூன்றாவதில் வில்லி, போர், அப்புறம் அந்தக் குழந்தை...

அக்கா: நிறுத்து! சித்தி இன்னும் பார்க்கவில்லை.

நான்: பயமே போய்விட்டது என்றுதான் சொல்ல வந்தேன். முதலில் அவள் என்ன செய்வாள் என்று தெரியாது. பிறகு எல்லோரும் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள்.

அக்கா: அது உண்மைதான். 2018இல் தொடங்கி 2020இல் நிறுத்திவிட்டார்கள், மொத்தம் 36 பகுதி. முதல் சீசன் 10தான். அதை மட்டும் பார்த்தாலே போதும் சித்தி.

சித்தி: சரி, பாப்பா தூங்கிய பிறகு தொடங்குகிறேன். அண்ணி, தனியாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது, நீங்களும் அங்கே போடுங்கள்.

அத்தை: அந்த வண்டிக்காரன் எந்தப் பகுதியில் வருகிறான் என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்கா: முதல் பகுதியே அத்தை 😄