மறு: 'ஏர்லி ஸ்டேட் போல்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

வணக்கம். இழை நீண்டுவிட்டதால் ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாக எழுதாமல், முக்கியமான வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

> அமெரிக்கக் குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வு பற்றிய கட்டுரையில் 'ஏர்லி ஸ்டேட் போல்' என்று வருகிறது. 'ஆரம்ப மாநிலக் கருத்துக்கணிப்பு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

தம்பி, 'ஆரம்ப மாநிலம்' என்றதும் எனக்கு ஆரம்பப் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான் நினைவுக்கு வருகின்றன. அடிப்படை நிலையில் உள்ள ஏதோ ஒரு மாநிலம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. 'தொடக்க மாநிலம்' என்றாலும் இதே சிக்கல். அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா, நெவாடா ஆகிய மாநிலங்களைத் தனியாகக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருப்பதே, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்வதில் அவை மற்றவற்றுக்கு முன்னால் வாக்களிப்பதால்தான். அவை வெறுமனே முன்னால் நிற்கவும் இல்லை, முந்திக்கொண்டு நிற்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் இதற்கென்று சட்டமே உண்டு. வேறு எந்த மாநிலமாவது அதே போன்ற தேர்தலை நடத்தினால், தங்கள் தேர்தல் அதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக நடக்க வேண்டும்.

2012இல் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புளோரிடா தன் தேர்தலை ஜனவரி 31க்கு இழுத்தது. உடனே தென் கரோலினா ஜனவரி 21க்கும், நியூ ஹாம்ப்ஷயர் ஜனவரி 10க்கும், அயோவா ஜனவரி 3க்கும் நகர்ந்தன. புத்தாண்டு கொண்டாடிய களைப்பு தீர்வதற்குள் அயோவாக்காரர்கள் வேட்பாளரைத் தேர்வதற்கான கட்சிக் கூட்டத்துக்குப் போக வேண்டியதாயிற்று. தேதி விதியை மீறியதற்காகக் கட்சி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்குப் புளோரிடா அனுப்பும் 99 பேராளர்களை 50 ஆகக் குறைத்தது. அப்படியும் முந்தத்தான் செய்தார்கள்.

அதனால் என் முன்மொழிவு: முந்து மாநிலம். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. முந்திய மாநிலம், முந்துகிற மாநிலம், முந்தும் மாநிலம் மூன்றும் இதற்குள் அடக்கம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் நிகழ்வுக்குக் காலம் காட்டாத தொகை மிகவும் பொருத்தம். 'பந்திக்கு முந்து' என்று பழகிய நாக்குக்கு அந்த 'முந்து' உடனே புரிந்தும் விடும்.

இனி கடினமான பாதி.

> 'கருத்துக்கணிப்பு' ஐம்பது வருடமாகப் புழங்குகிறது. நாளிதழில் இருக்கிறது, தொலைக்காட்சியில் இருக்கிறது. நிலைபெற்ற சொல்லை ஏன் அசைக்க வேண்டும்?

ஐயா, உங்கள் மீது மதிப்பு வைத்தே மறுக்கிறேன். சொல் நிலைபெற்றிருப்பது உண்மைதான், ஆனால் அது தவறான இடத்தில் நிலைபெற்றுவிட்டது. கணித்தல் என்றால் நமக்கு ஜாதகம் கணிப்பது. கணியன் என்றால் நாள் பார்த்துச் சொல்பவன். அதனால் 'கருத்துக்கணிப்பு' என்று படித்ததும் மனம் வருங்காலத்துக்குப் போய்விடுகிறது. முடிவு வேறாக வந்தால் 'கணிப்பு பொய்த்தது' என்று தலைப்புப் போடுகிறோம். மழை பொய்க்கும், ஜோசியம் பொய்க்கும். நூறு பேரைக் கேட்டு இன்ன தேதியில் இத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள் என்று எழுதி வைத்தால் அது எப்படிப் பொய்க்கும்? அன்றைக்கு அது உண்மை.

2012 அயோவாவையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள 'டி மொய்ன் ரெஜிஸ்டர்' நாளிதழுக்காக ஆய்வாளர் ஆன் செல்சர் நடத்திய ஆய்வுகளுக்கு அப்போது பெரிய மரியாதை. குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டவர்களில், 2011 ஜூனில் மிட் ராம்னி 23, மிஷெல் பாக்மன் 22. அக்டோபரில் ஹெர்மன் கெய்ன் 23, ராம்னி 22. நவம்பர் கடைசியில் நியூட் கிங்ரிச் 25, ரான் பால் 18, ராம்னி 16. டிசம்பர் கடைசியில் ராம்னி 24, ரான் பால் 22, ரிக் சான்டோரம் 15. எல்லாம் விழுக்காடு. நான்கு ஆய்வில் முதலிடம் பார்த்தவர்கள் மூன்று பேர். கடைசியில் அதிக வாக்கு பெற்ற சான்டோரம் ஒன்றில்கூட முதலிடத்தில் இல்லை. நவம்பரில் அவருக்கு வெறும் 6 விழுக்காடு.

இவற்றைக் 'கணிப்பு' என்று எழுதினால் நான்கும் தோற்றுப்போன ஜோசியம். ஆனால் அந்தக் கடைசி ஆய்வு டிசம்பர் 27 முதல் 30 வரை நான்கு நாள் நடந்தது. நான்கு நாளையும் சேர்த்தால்தான் சான்டோரத்துக்கு 15. கடைசி இரண்டு நாளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 21, ராம்னிக்கு அடுத்த இடம். அதையும் அந்த நாளிதழே சேர்த்து வெளியிட்டது. ஒருவர் படியேறிக் கொண்டிருப்பதைப் பாதிப் படியில் படம் எடுத்தது போன்றது அது. படத்தில் பிழையில்லை. அது எந்தப் படி, எந்த நேரம் என்று சொல்லாமல் விட்டால்தான் பிழை.

அந்த நாட்களில் நான் ஒரு செய்தி மேசையில் இருந்தேன். டிசம்பர் 31 இரவு வந்த செய்தியை 'அயோவாவில் ராம்னி முன்னிலை' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். மறுநாள் ஒரு வாசகர் தொலைபேசியில், 'ஓட்டு எண்ணிக்கை எப்போது சார் தொடங்கியது?' என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. நம் ஊரில் 'முன்னிலை' வாக்கு எண்ணும் நாளின் சொல். காலை எட்டு மணிக்கு மேல் சுற்று வாரியாக வருவது அது. வாக்களிப்பே நடக்காத ஓர் இடத்துக்கு அந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தவன் நான். 24க்கும் 22க்கும் உள்ள இடைவெளி 2, அந்த ஆய்வின் பிழை வீச்சோ இரு பக்கமும் 4. யார் மேலே என்று சொல்லவே இடமில்லாத எண்களுக்கு எண்ணிக்கை நாளின் சொல்லைப் பூட்டியிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் அது அப்படியே அச்சில் இருந்தது. அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பற்றிய உறுத்தல் எனக்கு உண்டு.

ஆகவே வருவதைக் கணிப்பதையும் மக்களைக் கேட்டு எண்ணுவதையும் பிரிப்போம் என்கிறேன். பல ஆய்வுகளையும் பழைய தரவுகளையும் சேர்த்து 'இவர் வெல்ல இத்தனை வாய்ப்பு' என்று சொல்கிறார்களே, அது கணிப்பு. அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். மக்களைக் கேட்டு எண்ணிச் சொல்வது கருத்தெடுப்பு. கணக்கெடுப்பு என்று சொல்கிறோம் இல்லையா, அதே அமைப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் இன்ன ஆண்டின் கணக்கு என்று யாரும் சொல்லாமலே புரிகிறது. அந்தத் தேதியுணர்வு 'எடுப்பு' என்ற சொல்லோடு ஒட்டியே வருகிறது.

> 'கருத்தெடுப்பு' காதில் 'வாக்கெடுப்பு' மாதிரி விழுகிறதே. நம்பிக்கை வாக்கெடுப்பு, பொது வாக்கெடுப்பு எல்லாம் முடிவைத் தீர்மானிப்பவை. குழப்பாதா?

அக்கா, இதற்கு இரண்டு நாள் யோசித்தேன். ஒலி ஒப்புமை இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பாதி வேறு. வாக்கு எடுத்தால் கட்டுப்படுத்தும், கருத்து எடுத்தால் கட்டுப்படுத்தாது. 'கருத்துக்கேட்பு' என்று நீங்கள் சொன்ன மாற்று எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் சுரங்கம், தொழிற்சாலை வரும்போது ஆட்சியர் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம் அந்தச் சொல்லை ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. அங்கே போய் நாம் இடம் கேட்க முடியாது.

அப்புறம், யாரைக் கேட்கிறார்கள் என்பது. 'லைக்லி வோட்டர்' என்பதை இந்த இழையிலேயே மூன்று பேர் 'வாக்களிக்கக்கூடியவர்' என்று எழுதியிருக்கிறார்கள். தமிழில் 'கூடிய' இரண்டு வேலை செய்யும். செய்ய முடிந்தவர் என்றும் பொருள், செய்ய வாய்ப்புள்ளவர் என்றும் பொருள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் வாக்களிக்கக்கூடியவர்கள்தான். ஆனால் அயோவாவில் நடப்பது காக்கஸ் என்ற கட்சிக் கூட்டம். ஜனவரிக் குளிரில், இரவு ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் யாராவது பேசுவதைக் கேட்டுவிட்டு, துண்டுச்சீட்டில் பெயரை எழுதிப் போட வேண்டும். 2012இல் அப்படி வந்தவர்கள் ஏறத்தாழ 1,21,500 பேர். பதிவு செய்த குடியரசுக் கட்சியினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். டிசம்பர் ஆய்வில் கேட்கப்பட்ட 602 பேரும் அந்த இரவில் வீட்டை விட்டு வெளியே வருவார்கள் என்று கருதப்பட்டவர்கள். ஆய்வாளரின் திறமை முழுக்க இந்த வடிகட்டலில்தான் இருக்கிறது. ஆகவே வரவிருப்போர் என்ற சொல்லை வைக்கிறேன். 'வாக்களிக்க வரவிருப்போரிடம் எடுத்த கருத்தெடுப்பு.' இதில் 'முடிந்தவர்' என்ற பொருளுக்கு இடமே இல்லை.

இதே காரணத்தால் 'வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு' என்பதை அயோவாவுக்குப் போடாதீர்கள். காக்கஸில் ஆட்கள் உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுகிறார்கள். அது நுழைவுக் கருத்தெடுப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் வாக்களித்துவிட்டு வெளியே வருபவரைக் கேட்பதுதான் பிந்தையது.

'ஸ்ட்ரா போல்', அதாவது யாரையும் கட்டுப்படுத்தாத பெயரளவு வாக்கெடுப்பு, பற்றி எனக்கு இன்னும் தெளிவு இல்லை. 'மாதிரி வாக்கெடுப்பு' என்பது வழக்கில் இருக்கிறது. ஆனால் 602 பேரைப் பொறுக்குவதற்கும் 'மாதிரி' என்றுதான் சொல்கிறோம். ஒன்று அறிவியல் முறையில் எடுத்த மாதிரி, மற்றது பெயரளவுக்கு நடக்கும் மாதிரி. 2011 ஆகஸ்டில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் நடந்தது இரண்டாவது வகை. 30 டாலர் நுழைவுச்சீட்டு வைத்திருந்த அயோவாக்காரர்கள் வாக்களித்தார்கள். பிரச்சாரக் குழுக்களே சீட்டு வாங்கிக் கொடுத்துப் பேருந்தில் ஆட்களைக் கூட்டி வந்தன. பாக்மன் 4,823 வாக்கில் முதலிடம் பெற்றார். அடுத்த ஜனவரியில் அதே மாநிலத்தில் அவருக்கு ஆறாம் இடம், மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிய பானைக்குத்தான் பொருந்தும். ஏம்ஸில் இருந்தது கிளறிய பானை அல்ல, அவரவர் தட்டில் போட்டுக் கொண்டுவந்த சோறு. 'திரட்டு வாக்கெடுப்பு' என்று யோசித்தேன், மனம் முழுதாக ஒப்பவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். 'வைக்கோல் வாக்கெடுப்பு' மட்டும் வேண்டாம்.

ஐயா கடைசி மடலில், 'சொல்லை மாற்றினால் வாசகர் புரிந்துகொள்ளும் விதம் மாறிவிடுமா?' என்று கேட்டிருந்தீர்கள். 2012 அயோவாவில் வாக்குச்சீட்டையே எண்ணியும், அன்றிரவு ராம்னி 8 வாக்கில் வென்றார் என்று அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த சான்றளித்த எண்ணிக்கையில் சான்டோரம் 34 வாக்கு கூட. எட்டு வாக்குச்சாவடிப் பகுதிகளின் சான்றளித்த கணக்கு கிடைக்கவே இல்லை. எண்ணிய வாக்கே இப்படி இருக்கும்போது, எண்ணாத வாக்கைப் பற்றி எழுதும் சொல்லில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, பொதுக் கோப்பில் இப்போதைக்கு நான்கு சொல் சேர்த்திருக்கிறேன்: முந்து மாநிலம், கருத்தெடுப்பு, வரவிருப்போர், நுழைவுக் கருத்தெடுப்பு. பயன்பாட்டு எடுத்துக்காட்டாக, அன்றைய என் தலைப்பின் கீழ் வந்திருக்க வேண்டிய வரியை எழுதியிருக்கிறேன்:

'முந்து மாநிலமான அயோவாவில் வாக்களிக்க வரவிருப்போர் 602 பேரிடம் டிசம்பர் 27 முதல் 30 வரை எடுத்த கருத்தெடுப்பில் ராம்னிக்கு 24, ரான் பாலுக்கு 22 விழுக்காட்டினர் ஆதரவு தெரிவித்தனர்; கடைசி இரண்டு நாளில் சான்டோரத்தின் ஆதரவு 21 ஆக உயர்ந்துள்ளது.'

தம்பி, உன் கட்டுரையில் இதை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே இடிக்கிறது என்று எழுது. 'காக்கஸ்', 'பிரைமரி' (வழக்கமான வாக்குச்சாவடித் தேர்தல்) இரண்டுக்கும் தனி இழை தொடங்கலாம். 2024இல் நெவாடாவில் ஒரே வாரத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. அங்கே 'முதனிலைத் தேர்தல்' என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் செய்தியே எழுத முடியாது.

அன்புடன்.